அமெரிக்க மருத்துவ அலட்சிய வழக்குகளில் சீல் வைத்த ஆவணங்கள்: எது திறக்கும், எப்படித் திறப்பது? முழுமையான வழிகாட்டி

உங்களுக்கு ஆபரேஷன் செய்யப்போகும் சர்ஜன் மேல் ஏற்கெனவே வழக்கு இருந்ததாகக் கேள்விப்படுகிறீர்கள். கோர்ட் இணையதளத்தில் தேடினால் வழக்கு எண் வருகிறது, உள்ளே போனால் "சீல்டு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். இல்லையென்றால் "வழக்கு செட்டில் ஆகிவிட்டது, விவரம் ரகசியம்" என்று யாரோ சொல்கிறார்கள். பெரும்பாலோர் அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை, ஏனென்றால் சீல் வைத்ததாக வெளியே பேசப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் நீதிபதி சீல் வைத்ததே கிடையாது. எந்தக் காகிதம் எந்தக் காரணத்தால் உங்கள் கைக்கு வரவில்லை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இது முழுக்க அமெரிக்க நீதிமன்றங்களைப் பற்றியது. இந்தியாவில் வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் உயர்நீதிமன்றத்தில் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும், 2020-ல் உச்ச நீதிமன்றமும் குஜராத் வழக்கு ஒன்றில் தகவல் உரிமைச் சட்டம் வழியாக இல்லாமல் அந்த நீதிமன்ற விதிகளின்படியே கேளுங்கள் என்றது. அந்தப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு அமெரிக்க முறை தலைகீழாகத் தெரியும். அங்கே கோர்ட்டில் தாக்கலான காகிதம் பொதுவானது என்பதுதான் ஆரம்பம், ஏன் பார்க்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை, மூட வேண்டும் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். 1978-ல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைத் தெளிவாக ஒப்புக்கொண்டது (ஒப்புக்கொண்டுவிட்டு, அந்த வழக்கில் டேப் கேட்டவர்களுக்கு டேப்பைக் கொடுக்கவில்லை என்பது வேறு கதை). ஆக உரிமை உண்டு, ஆனால் முழுமையான உரிமை இல்லை.

இது சட்ட ஆலோசனை அல்ல. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், மனுப் போடும் கட்டம் வந்தால் அந்த மாநில விதியை நேரடியாக எடுத்துப் படியுங்கள்.

படி 1: வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது?

மருத்துவ அலட்சிய வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அளவில்தான் நடக்கும். கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட், புளோரிடாவில் சர்க்யூட் கோர்ட், டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். நியூயார்க்கில் மட்டும் குழப்பம்: அங்கே "சுப்ரீம் கோர்ட்" என்பது விசாரணை நீதிமன்றம்தான், உச்சியில் இருப்பது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்.

ஃபெடரல் கோர்ட்டுக்கு (மத்திய அரசின் நீதிமன்றம்) இரண்டு வழிகளில் இந்த வழக்குகள் வரும். வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவர், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் வரலாம். அல்லது முன்னாள் படைவீரர் மருத்துவமனை, ராணுவ மருத்துவமனை, ஃபெடரல் நிதியில் நடக்கும் சமூக சுகாதார நிலையம் போன்றவற்றின் மேல் வழக்கு என்றால் அமெரிக்க அரசே பிரதிவாதி, ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டத்தின்படி ஃபெடரல் கோர்ட்டில்தான் போட வேண்டும். இந்த இரண்டாவது வகை உங்கள் வழக்கு என்றால் அதிர்ஷ்டம்தான். ஜூரி கிடையாது, நீதிபதியே தீர்ப்பெழுதுவார், எந்த டாக்டர் எந்த நேரத்தில் என்ன செய்தார், எங்கே தவறினார் என்று உண்மைகளை வரிசையாக எழுதியாக வேண்டும். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு ஒன்றே போதும்.

ஃபெடரல் வழக்குகளைப் பார்க்க பேசர் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், ஒரு காலாண்டில் 30 டாலருக்கு உள்ளே இருந்தால் கட்டணமே இல்லை. தீர்ப்புரைகள் இலவசம். பேசருக்குப் போகும் முன் கோர்ட்லிசனர் தளத்தில் இருக்கும் ரீகேப் சேகரிப்பில் தேடிப் பாருங்கள், வேறு யாராவது ஏற்கெனவே காசு கொடுத்து இறக்கிய ஆவணங்கள் அங்கே இலவசமாகக் கிடக்கும். மாநிலக் கோர்ட்டுகளில் நிலைமை ஏறுமாறாக இருக்கும். நியூயார்க்கின் மின்தாக்கல் தளத்தில் கணக்கே இல்லாமல் விருந்தினராக நுழைந்து தேடலாம், பல கவுண்டிகளில் இணையத்தில் பட்டியல் மட்டும் வரும், ஆவணம் வராது. அது சீல் இல்லை! கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போனால் பொதுமக்களுக்கான கணினியில் அதே ஆவணம் திறக்கும். போக முடியாதவர்கள் நகல் கட்டணம் கட்டித் தபாலில் கேட்கலாம்.

பெயர் தேடலில் ஒரு சின்னச் சிக்கல். டாக்டரின் பெயரில் மட்டும் தேடாமல் அவருடைய தொழில் நிறுவனத்தின் பெயரிலும், மருத்துவமனையின் பதிவுபெற்ற பெயரிலும் தேடுங்கள், பலகையில் இருக்கும் பெயரும் சட்டப்படியான பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. டாக்டர் தமிழராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், சில வழக்கில் முன்னும் பின்னும் மாறியிருக்கும், சிலதில் இனிஷியல் மட்டும் நிற்கும். எல்லா வடிவத்திலும் போட்டுப் பாருங்கள்.

படி 2: டாக்கெட்டை முழுசாகப் படியுங்கள்

டாக்கெட் என்பது அந்த வழக்கில் என்றைக்கு எது தாக்கலானது என்ற வரிசைப் பட்டியல். ஆவணம் மூடியிருந்தாலும் டாக்கெட் பெரும்பாலும் திறந்திருக்கும், இருப்பதிலேயே மதிப்பான காகிதம் இதுதான் என்று சொல்வேன். மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படியுங்கள். சீல் கேட்டு மனு இருக்கிறதா, அதன் மேல் உத்தரவு வந்ததா, இருதரப்பும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு உத்தரவு (பரிமாறிக்கொண்ட காகிதத்தை வெளியிடக் கூடாது என்பது) இருக்கிறதா, மைனருக்கான சமரசத்துக்கு ஒப்புதல் கேட்ட மனு இருக்கிறதா, வரிசை எண்ணில் எங்காவது ஓட்டை விழுகிறதா (41-க்கு அப்புறம் 43 என்றால் 42 எங்கே?) என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மனு எழுதும்போது ஆவண எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அதற்கு இந்தத் தாள் வேண்டும்.

படி 3: நான்கில் இது எந்த வகை?

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதல் வகை, கோர்ட்டுக்கே வராத காகிதம். டிஸ்கவரி கட்டத்தில் (விசாரணைக்கு முன் ஒருவரிடம் ஒருவர் ஆதாரம் கேட்டு வாங்கும் கட்டம்) இருதரப்பும் பரிமாறிக்கொள்ளும் மருத்துவமனை மின்னஞ்சல்கள், டாக்டரின் டெபோசிஷன் வாக்குமூலம், கேள்வி-பதில் தாள்கள் எல்லாம் வக்கீல் அலுவலகங்களில்தான் இருக்கும், ஃபெடரல் விதி 5(டி)-யின்படி ஏதாவது ஒரு மனுவோடு இணைத்தால்தான் அவை கோர்ட்டுக்குள் வரும். 1984-ல் சியாட்டில் டைம்ஸ் எதிர் ரைன்ஹார்ட் வழக்கில், டிஸ்கவரியில் கிடைத்ததை வெளியிடாதே என்று உத்தரவு போடலாம் என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இந்த வகைக்கு "சீலை நீக்குங்கள்" என்று மனுப் போட்டால் நீக்க அங்கே எதுவுமில்லை என்று பதில் வரும். இங்கே கேட்க வேண்டியது பாதுகாப்பு உத்தரவில் மாற்றம், அது கடினமான பாதை.

இரண்டாவது, ரகசிய செட்டில்மென்ட். இது இரு தரப்புக்கு இடையிலான ஒப்பந்தம், கோர்ட்டுக்குத் தெரிவதெல்லாம் "வழக்கை முடித்துக்கொள்கிறோம்" என்ற ஒரு பக்கம். ஒப்பந்தமே தாக்கலாகாதபோது சீல் எங்கிருந்து வரும்? ஆனால் முக்கியமான விதிவிலக்கு ஒன்று: பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் நீதிபதி ஒப்புதல் இல்லாமல் சமரசம் பொதுவாகச் செல்லாது, பல மாநிலங்களில் மரண வழக்குகளுக்கும் அப்படித்தான். ஒப்புதல் கேட்கும்போது தொகை கோர்ட்டுக்குள் வந்துவிடுகிறது. நடிகர் டென்னிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் ஹெபரின் மருந்து பல மடங்கு அதிகமாகச் செலுத்தப்பட்ட விவகாரத்தில் 7,50,000 டாலர் சமரசம் வெளியே தெரிந்தது இப்படி ஒரு ஒப்புதல் நடைமுறையின் வழியாகத்தான்.

மூன்றாவது, கறுப்பு அடித்த ஆவணம். ஃபெடரல் விதி 5.2-இன்படி சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி 4 இலக்கம், பிறந்த தேதியில் வருடம், மைனர் என்றால் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே தெரியலாம். இதை எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

நான்காவதுதான் நிஜமான சீல், நீதிபதி உத்தரவு போட்டு மூடியது. சில ஆவணங்களை மட்டும் மூடியிருக்கலாம், அபூர்வமாக வழக்கு முழுவதையும் மூடியிருக்கலாம். இனி வரும் 5, 6, 7, 8 படிகள் இந்த வகைக்குத்தான்.

படி 4: திறந்திருப்பதை முதலில் அள்ளுங்கள்

பூட்டின கதவோடு மல்லுக்கட்டும் முன் திறந்த ஜன்னல்களைப் பாருங்கள். வாதியின் மனு கிட்டத்தட்ட எப்போதும் திறந்திருக்கும், என்ன நடந்தது என்ற குற்றச்சாட்டு முழுக்க அதில் இருக்கும் (ஒரு பக்கத்துக் கதை என்பதை மறக்க வேண்டாம்). பல மாநிலங்களில் வழக்கின் ஆரம்பத்திலேயே இன்னொரு டாக்டரின் சான்று அல்லது அறிக்கை வேண்டும். டெக்சாஸில் பிரதிவாதி பதில் தாக்கல் செய்த 120 நாளுக்குள் நிபுணர் அறிக்கையை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை போதாது என்று டாக்டர் தரப்பு சண்டை போட்டால் அது மனுவோடு இணைந்து கோர்ட்டுக்குள் வந்துவிடும், மேல்முறையீட்டுக்கும் போகும், மேல்முறையீட்டுத் தீர்ப்பில் நீதிபதிகள் அறிக்கையைப் பத்தி பத்தியாக எடுத்துப் போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட தீர்ப்புகள் டெக்சாஸில் குவிந்து கிடக்கின்றன, எல்லாம் இலவசம். வழக்கை மூட வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்ட தரப்பே அதைத் தீர்ப்புப் புத்தகத்தில் ஏற்றிவிடும் வேடிக்கை இது.

வழக்கு விசாரணை வரை போயிருந்தால் சாட்சியம் திறந்த கோர்ட்டில் சொல்லப்பட்டது. அதன் எழுத்துப் பிரதியைக் கோர்ட் ரிப்போர்ட்டரிடம் விலைக்கு வாங்கலாம். ஃபெடரலில் தாக்கலான முதல் 90 நாள் கிளார்க் அலுவலகத்தில் பார்க்க மட்டும் முடியும், அதற்கப்புறம் பேசரில் வரும். காட்டப்பட்ட சான்றாவணங்களை வழக்கு முடிந்ததும் பல கோர்ட்டுகள் தரப்பினரிடமே திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் விசாரணை அண்மையில் முடிந்தது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: சீல் உத்தரவை மாநில விதியோடு வைத்துப் பாருங்கள்

சீல் வைத்த ஆவணம் மூடியிருக்கும், ஆனால் சீல் வைத்த உத்தரவு பெரும்பாலும் திறந்திருக்கும். அதை எடுங்கள். காரணம் எழுதியிருக்கிறதா, இல்லை வக்கீல் தட்டச்சு செய்துகொண்டு வந்த அரைப்பக்கத்தில் நீதிபதி கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாரா? இரண்டாவது என்றால் உங்கள் மனுவுக்குப் பலமான காரணம் கிடைத்துவிட்டது. இருதரப்பும் ஒத்துக்கொண்டால் எந்த நீதிபதிக்கும் எதிர்க்கத் தோன்றாது, வழக்கு முடிந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். பொதுமக்கள் சார்பாகப் பேச அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

டெக்சாஸ் விதி 76ஏ இந்த விஷயத்தில் மிகக் கறாரானது. 1990-ல் வந்தது. சீல் கேட்பவர் பொது அறிவிப்பு ஒட்ட வேண்டும், அதன் நகலை மாநில உச்ச நீதிமன்றக் கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும், குறைந்தது 14 நாள் கழித்துத் திறந்த கோர்ட்டில் விசாரணை நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து எதிர்க்கலாம். இதில் எதையாவது தாண்டிக் குதித்திருந்தால், அறிவிப்பு கிடைக்காத நீங்கள் பின்னாலும் உள்ளே வரலாம். இதைவிடப் பெரிய விஷயம், பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ பாதிப்பு வரக்கூடிய தகவல் என்றால் கோர்ட்டில் தாக்கலாகாத செட்டில்மென்ட் ஒப்பந்தத்தையும் (பணத் தொகை நீங்கலாக), தாக்கலாகாத டிஸ்கவரியையும்கூட இந்த விதி கோர்ட் ஆவணமாகக் கருதும். படி 3-இல் முதல் இரண்டு வகைக்கு நீக்க சீலே இல்லை என்றேனே, டெக்சாஸில் ஒரு கதவு உண்டு.

புளோரிடாவில் 1990-ஆம் ஆண்டின் சன்ஷைன் இன் லிட்டிகேஷன் சட்டம், பிரிவு 69.081. பொது ஆபத்தை மறைக்கும் உத்தரவை கோர்ட் போடக் கூடாது, அப்படி மறைக்கும் ஒப்பந்தப் பகுதி செல்லாது. பொது ஆபத்து என்பதன் விளக்கத்தில் கருவி, பொருள் மட்டுமல்ல, நபர், செய்முறை என்பவையும் சேர்ந்திருக்கின்றன. அதனால் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும் டாக்டரையும் இதற்குள் கொண்டுவந்து வாதிட இடம் இருக்கிறது. அதே மாநிலத்தில் 2004-ல் வாக்காளர்கள் கொண்டுவந்த ஏழாவது திருத்தம் மருத்துவமனையின் பாதக நிகழ்வுப் பதிவுகளை நோயாளி பார்க்கும் உரிமையையும் தந்தது.

கலிபோர்னியாவில் விதி 2.550, 2.551. இருதரப்பு ஒப்பந்தம் மட்டும் போதாது என்று விதியே சொல்கிறது. பொது உரிமையை மிஞ்சும் நலன் எது, அது எப்படிப் பாதிக்கப்படும், இதைவிடக் குறைவாக மூட வழியில்லையா என்று நீதிபதி கண்டறிந்து எழுத வேண்டும், சீலை நீக்கப் பொதுமக்களில் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்றும் இருக்கிறது. நியூயார்க்கில் விதி 216.1, எழுத்தில் காரணம் காட்டாமல் சீல் வைக்கக் கூடாது. தென் கரோலினா ஃபெடரல் கோர்ட் 2002-லேயே ஒரு படி மேலே போய், தாக்கலான செட்டில்மென்ட் ஒப்பந்தத்தை சீல் வைப்பதே இல்லை என்று உள்ளூர் விதி போட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று செனட்டர் ஹெர்ப் கோல் பல வருஷம் மசோதா கொண்டுவந்து பார்த்தார், நிறைவேறவில்லை.

படி 6: மனுவுக்கு முன் ஒரு கடிதம்

இருதரப்பு வக்கீல்களின் பெயரும் முகவரியும் டாக்கெட்டில் இருக்கும். "இந்த எண்ணுள்ள ஆவணத்தில் நோயாளியின் விவரத்தை மறைத்துவிட்டு மற்றதைத் திறக்க ஒப்புக்கொள்வீர்களா?" என்று மரியாதையாக ஒரு கடிதம். வாதி வக்கீலுக்குப் பெரும்பாலும் ஆட்சேபம் இருக்காது, ஆனால் அவர் ரகசிய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்கலாம், பதில் சொல்லவில்லை என்று கோபப்படாதீர்கள். பதிலே வராவிட்டாலும் நஷ்டமில்லை, கேட்டுப் பார்த்தேன் என்று மனுவில் ஒரு வரி எழுதலாம், நீதிபதிகளுக்கு அது பிடிக்கும்.

படி 7: இடையீட்டு மனுவும் சீல் நீக்க மனுவும்

நீங்கள் வழக்கின் தரப்பு இல்லை, அதனால் உள்ளே வர அனுமதி வேண்டும். ஃபெடரலில் விதி 24(பி)-யின்கீழ் "சீலை எதிர்க்கும் அளவுக்கு மட்டும்" என்று சொல்லி இடையீட்டு மனுப் போட வேண்டும், அதோடு சேர்த்து சீல் நீக்க மனு. பத்திரிகை, பொதுநல அமைப்பு, ஆய்வாளர் எல்லாம் இந்த வழியில்தான் வருகிறார்கள், மூன்றாம் சர்க்யூட்டின் (சர்க்யூட் என்றால் இங்கே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) 1994 பான்சி தீர்ப்பு இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஒன்று. வழக்கு முடிந்து வருஷங்கள் ஆனாலும் தன் ஆவணத்தின் மேல் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆகவே "மூடிய வழக்கு" என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். தனி நபர் வக்கீல் இல்லாமல் தானே போடலாம், நிறுவனம் என்றால் வக்கீல் கட்டாயம். சில நீதிபதிகள் கடித வடிவத்திலேயே ஏற்பார்கள், நீதிபதியின் தனி நடைமுறைக் குறிப்பு கோர்ட் தளத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்? நீங்கள் யார், எதற்காக என்று இரண்டு வாக்கியம். அப்புறம் எந்தெந்த ஆவணம், எண்ணோடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: "வழக்கை முழுக்கத் திறக்கவும்" என்று கேட்டால் நோயாளியின் மனநல சிகிச்சைக் குறிப்பு முதல் வங்கி விவரம் வரை நீங்கள் கேட்டதாகிவிடும், நீதிபதி மறுப்பதற்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. ஐந்து ஆவணம் கேளுங்கள், ஐம்பது வேண்டாம். அந்த ஐந்தில் சம்மரி ஜட்ஜ்மென்ட் மனுவும் (முழு விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்பது) அதோடு இணைத்தவையும் கட்டாயம் இருக்கட்டும். காரணம், வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் மனுவோடு வந்த காகிதத்துக்குப் பொது உரிமை மிகப் பலமானது. இரண்டாம் சர்க்யூட்டின் லூகோஷ் (2006), ஒன்பதாம் சர்க்யூட்டின் கமகானா (2006) இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. கமகானாவின்படி அப்படிப்பட்ட ஆவணத்தை மூட வலுக்கட்டாயமான காரணம் வேண்டும், சாதாரண டிஸ்கவரி மனுவோடு வந்ததற்கு நியாயமான காரணம் போதும். ஐந்தாம் சர்க்யூட் 2021-ல் லே எதிர் எக்ஸீட்டர் ஃபைனான்ஸ் வழக்கில், தரப்புகள் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சீல் வைக்கும் வழக்கத்தைக் கடுமையாகவே சாடியது. எந்த சர்க்யூட், எந்த மாநிலம் என்று பார்த்து அதற்குரியதை மட்டும் காட்டுங்கள்.

கடைசியாக மாற்று வழி: மூட வேண்டியதைக் கறுப்பு அடித்து மீதியைத் தாருங்கள் என்று. இந்த ஒரு பத்தி இல்லாமல் மனுப் போடாதீர்கள். எல்லாத் தரப்புக்கும் நகல் அனுப்பியதற்கான சான்றிதழையும் இணையுங்கள்.

செலவுக்குப் பயமா? பத்திரிகையாளர் என்றால் ரிப்போர்ட்டர்ஸ் கமிட்டி ஃபார் ஃப்ரீடம் ஆஃப் த பிரஸ் அமைப்பின் சட்ட உதவி எண் இருக்கிறது, பப்ளிக் சிட்டிசன், பப்ளிக் ஜஸ்டிஸ் போன்ற அமைப்புகள் கோர்ட் ரகசியத்தை எதிர்த்து வழக்காடிய அனுபவமுள்ளவை. எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள், ஒரே டாக்டர் மேல் பல வழக்கு என்பது போன்ற பொதுநலன் தெரிந்தால் கேட்பார்கள்.

படி 8: எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

முதலில் ஹிப்பா வரும். நோயாளி ரகசியச் சட்டம், ஆகவே திறக்க முடியாது என்பார்கள். ஹிப்பா மருத்துவமனை, டாக்டர், காப்பீட்டு நிறுவனம் போன்றவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம், கோர்ட் அதன் பட்டியலில் இல்லை. அதற்காக நீதிபதி நோயாளியின் அந்தரங்கத்தைப் பார்க்க மாட்டார் என்று இல்லை, நன்றாகவே பார்ப்பார். நீங்கள் சொல்ல வேண்டியது, அது நோயாளியின் உரிமை, மருத்துவமனை தன்னைக் காத்துக்கொள்ள அதைக் கேடயமாக்கக் கூடாது என்பதுதான். நோயாளியோ குடும்பமோ சம்மதித்து ஒரு பிரமாணப் பத்திரம் தந்தால் இந்த வாதம் அநேகமாகப் படுத்துவிடும், முடிந்தால் அதை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பெயர் கெடும் என்ற வாதம். டாக்டருக்கும் நிறுவனத்துக்கும் சங்கடம் என்பது மட்டும் போதாது என்று பல கோர்ட்டுகள் சொல்லியிருக்கின்றன. 2014-ல் நான்காம் சர்க்யூட் டோ எதிர் பப்ளிக் சிட்டிசன் வழக்கில், தன் தயாரிப்பைப் பற்றிய பாதுகாப்புப் புகார் வெளியே வரக்கூடாது என்று பெயரைக்கூட மறைத்து வழக்காடிய நிறுவனத்துக்குக் கீழ்க் கோர்ட் தந்த சீலை ரத்து செய்தது. அப்புறம், ரகசியம் இல்லாவிட்டால் யாரும் செட்டில் செய்ய வரமாட்டார்கள் என்பார்கள். ஒப்பந்தத் தொகையை நீங்கள் கேட்காமலேயே விட்டுவிட்டால் இந்த வாதத்துக்குப் பாதி பலம் போய்விடும். தொகை தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது, என்ன நடந்தது என்பதுதானே வேண்டும்?

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மருத்துவமனைக்குள் டாக்டர்கள் கூடி நடத்திய சக மதிப்பாய்வுக் குழுவின் குறிப்புகள் மாநிலச் சட்டங்களால் தனியாகப் பாதுகாக்கப்பட்டவை, 2005-ஆம் ஆண்டின் நோயாளி பாதுகாப்புச் சட்டமும் ஒரு பகுதியை மூடுகிறது. அவை வாதிக்கே கிடைத்திருக்காது.

படி 9: எவ்வளவு காலம், தோற்றால் என்ன?

எதிர்ப்பே இல்லாவிட்டால் சில வாரம். எதிர்த்தால் மாதங்கள், மேல்முறையீடு என்றால் வருஷங்கள். மருந்து நிறுவனம் பர்டியூவுக்கு எதிரான கென்டக்கி வழக்கில் மூடிவைத்த ஆக்ஸிகான்டின் ஆவணங்களுக்காக ஸ்டாட் செய்தி நிறுவனம் 2016-ல் மனுப் போட்டது, கீழ்க் கோர்ட் அதே வருஷம் திறக்கச் சொன்னது, மேல்முறையீடெல்லாம் முடிந்து காகிதம் கைக்கு வந்தது 2019-ல். ஜெயித்தவருக்கே மூன்று வருஷம்! மனு தள்ளுபடியானால் ஃபெடரலில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அமெரிக்க அரசு ஒரு தரப்பு என்றால் 60 நாள். இந்தத் தேதியைத் தவற விட்டால் எவ்வளவு நல்ல வாதமும் உதவாது.

படி 10: கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் வழிகள்

மனு ஓடிக்கொண்டிருக்கும்போதே இவற்றைப் பாருங்கள், பல நேரம் இங்கேயே விடை கிடைத்துவிடும்.

மாநில மருத்துவ வாரியத்தின் தளத்தில் டாக்டரின் உரிமம், ஒழுங்கு நடவடிக்கை இருக்கும். சில மாநிலங்கள் அலட்சிய வழக்குத் தொகைகளையும் காட்டும், மாசசூசெட்ஸ் 1996-லேயே இதற்குச் சட்டம் போட்டது. மாநில வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் டாக்இன்ஃபோ தளத்தில் எல்லா மாநிலத்தையும் ஒரே இடத்தில் தேடலாம், ஒரு மாநிலத்தில் உரிமம் போய் இன்னொன்றில் கடை விரித்தவர்கள் இதில் மாட்டுவார்கள்.

நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்க் என்று ஒன்று 1990-லிருந்து இருக்கிறது, டாக்டர் பெயரில் கொடுத்த ஒவ்வொரு அலட்சியத் தொகையும், எவ்வளவு சின்னதானாலும், அதில் ஏற வேண்டும். ஆனால் பெயரோடு பொதுமக்கள் பார்க்க முடியாது, பெயர் நீக்கிய தரவுக் கோப்பு மட்டும் இறக்கலாம். 2011-ல் ஒரு பத்திரிகையாளர் அந்தக் கோப்பையும் கோர்ட் ஆவணங்களையும் ஒப்பிட்டு டாக்டரைக் கண்டுபிடித்ததும், அரசு கோப்பையே கொஞ்ச காலம் எடுத்துவிட்டுப் பின்னால் நிபந்தனையோடு திருப்பிப் போட்டது. இன்னொரு ஓட்டையும் உண்டு: வழக்கிலிருந்து டாக்டர் பெயரை நீக்கிவிட்டு மருத்துவமனை பெயரில் மட்டும் பணம் கொடுத்தால் அது ஏறாது. ஆகவே இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனையைப் பற்றி என்றால் சிஎம்எஸ்-2567 என்ற ஆய்வுப் படிவம். புகார் வந்து அரசு ஆய்வாளர் போய்ப் பார்த்த குறைகள் அதில் விவரமாக இருக்கும், நோயாளி பெயர் இல்லாமல். சுகாதாரப் பத்திரிகையாளர் சங்கம் இவற்றைத் தேடக்கூடிய தளமாகவே வைத்திருக்கிறது. பிரதிவாதி ஃபெடரல் அரசு மருத்துவமனை என்றால் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேளுங்கள், 20 வேலை நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அப்புறம் யாருக்கும் சட்டென்று தோன்றாத ஒன்று: டாக்டருக்கும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடக்கும் வழக்கு. பணம் யார் கட்டுவது என்ற சண்டையில் மூல வழக்கின் விவரங்களை அவர்களே கொட்டியிருப்பார்கள்.

நீங்களே அந்த வழக்கின் தரப்பு என்றால்

உங்கள் சொந்த மருத்துவப் பதிவுகளைக் கேட்க எந்தக் கோர்ட்டும் வேண்டாம், ஹிப்பா அந்த உரிமையைத் தருகிறது, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இறந்துபோனவர் என்றால் அவருடைய சட்டப் பிரதிநிதி கேட்கலாம். ஊரிலிருந்து பார்க்க வந்த பெற்றோர் அமெரிக்காவில் சிகிச்சையில் இறந்த குடும்பங்கள் இதற்குக் கோர்ட் அனுமதித் தாள் வாங்க வேண்டியிருக்கும், அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் வாய் திறக்கும் முன் அதை இன்னொரு முறை படியுங்கள், மீறினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி அதில் இருக்கலாம். ஆனால் மருத்துவ வாரியத்தில் புகார் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை கலிபோர்னியா சட்டம் டாக்டர் வழக்குகளில் தடை செய்திருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், தொகையை மட்டும் ரகசியமாக வைக்கிறேன், நடந்ததைப் பேசும் உரிமையை விட மாட்டேன் என்று உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லுங்கள்.

ஆவணம் கைக்கு வந்ததும் வெளியே போடும் அவசரம் வரும். முதலில் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள், கறுப்பு அடித்த இடத்தில் எழுத்தை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிகிறதா என்றும் சோதியுங்கள், மறைப்பைச் சரியாகச் செய்யாத கோப்புகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. அப்படித் தெரிந்தால் கிளார்க்குக்குச் சொல்லிவிட்டு, நோயாளியின் பெயரையும் எண்களையும் நீங்களே ஒழுங்காக மறைத்தபின் பகிருங்கள்.